தடுப்பூசியும் தவக்குலும்

 

 இது வாசகர் கேட்டு எழுதும் மஸ்அலா அன்று. என் தோளில் எட்டு வருடமாக இருந்து வரும் ஒரு கடன்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம். அன்றிரவே அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி எங்கிருந்து வரும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், மவுத்தானார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். அவரைக் கொன்றது அந்தப் பதில்தான் என்றும், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதானே மருந்து என்றும் அவர்கள் சொன்னதாக ஹதீஸின் கருத்து.

மதரஸாவில் இந்த ஹதீஸைத் தஹாரத் பாடத்தில் ஓதினோம். காயத்தின் மேல் மஸஹு செய்வது, தயம்மும் செய்வது பற்றிய சட்டங்களை உஸ்தாது விளக்கினார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். இது என்னைப் பற்றிய ஹதீஸ் என்று அப்போது தெரியவில்லை.

2017-ஆம் வருடம் பிப்ரவரி மாதம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. 9 மாதம் நிறைந்த குழந்தை முதல் 15 வயது நிறையாத பிள்ளை வரை, முன்பு ஊசி போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, எல்லாருக்கும் ஓர் ஊசி என்று அறிவித்தார்கள். தட்டம்மை நமக்குத் தெரியும். நம் பெண்மக்கள் மணல்வாரி என்பது அதைத்தான். ரூபெல்லா என்ற பெயர் அன்று எனக்கே புதிது.

மஹல்லாவில் நான் இமாமாகச் சேர்ந்து அது இரண்டாம் வருடம். ஒருநாள் இஷா முடிந்து படியிறங்கும்போது நாலைந்து அத்தாமார்கள் என்னை நிறுத்தினார்கள். ஒருவர் கையிலிருந்த செல்போனில் வாட்ஸ்அப் குரல் ஒன்று பேசிற்று. இந்த ஊசி நம் சந்ததியை அறுக்க வந்தது, போட்ட பெண்பிள்ளைகள் நாளைக்குப் பிள்ளை பெறமாட்டார்கள் என்றது அது. பேசுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. “போடலாமா ஹஜ்ரத், வேண்டாமா?” என்றார்கள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த கேள்விகளில் பலவற்றுக்கு அந்த ஒரே பதிலைத் தந்தார்கள் என்று நானே பயான் செய்தவன்தான். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். ஆலிம் ஒருவன் தெரியாது என்றால் மதிப்புக் குறையுமே என்று நஃப்ஸு சொல்லிற்று. “அவசரம் வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்” என்றேன்.

ஹராம் என்று நான் சொல்லவில்லை. போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தெருவில் நடமாடிய பேச்சு, ஹஜ்ரத்தே வேண்டாமென்றுவிட்டார் என்பது. காலையில் மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளில் பாதிக்குமேல் அந்த ஊசியைப் போடவில்லை.

மறு வருடம் கோடையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் செந்தடிப்பும் வந்தன. பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று நான்கு நாளில் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். ரூபெல்லாவின் தன்மையே அதுதான் என்று பிற்பாடு அந்த டாக்டரிடம் தெரிந்துகொண்டேன். பிள்ளையை அது ஒன்றும் செய்வதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலிருக்கும் பெண்ணைப் பிடித்தால், அவளையும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை; வயிற்றிலிருக்கும் சிசுவைத்தான் பிடிக்கும். கண், காது, இருதயம் உருவாகிற மாதங்கள் அவை. அதே தெருவில் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்கு அப்போது மூன்றாவது மாதம். அவருக்கும் அந்தச் செந்தடிப்பு வந்து போயிற்று. ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு கண்ணிலும் வெண்புரை. பாங்கு சொல்ல என்னைத்தான் அழைத்தார்கள், சொன்னேன். அந்தக் காதுக்கு என் பாங்கு கேட்கவில்லை என்பது பல மாதம் கழித்தே எல்லாருக்கும் தெரிந்தது.

எந்தப் பிள்ளையிடமிருந்து அவருக்கு அந்த நோய் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பஸ்ஸில் வந்திருக்கலாம், கல்யாண வீட்டில் வந்திருக்கலாம் என்று என் நஃப்ஸு எனக்காக வக்காலத்து வாங்கியதும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கர்ப்பமான பிறகு ஒரு பெண்ணுக்கு அந்த ஊசியைப் போடக்கூடாது. அவரைச் சுற்றியிருந்த எங்கள் பிள்ளைகளின் உடம்புதான் அவருக்கு மதிலாக இருந்திருக்கவேண்டும். அந்த மதிலில் நான் ஓட்டை போட்டேன்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் ஹஜ்ரத், வருவது வந்தே தீரும், ஊசி எதற்கு?” என்று சொல்கிறவர்கள் ஈமான் இல்லாமல் சொல்வதில்லை. ஆனால் தவக்குலை நமக்குக் கற்றுத் தந்தவர்கள் ஸஹாபாப் பெருமக்கள். அவர்கள் எப்படி நடந்தார்கள்? ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தைத் தாக்கிய அம்வாஸ் கொள்ளைநோயை நாம் அறிவோம். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாமை நோக்கிப் புறப்பட்டு, ஸர்க் என்ற இடம் சேர்ந்தபோது, அங்கே நோய் பரவியிருக்கிற செய்தி கிடைத்தது. ஆலோசனை கேட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த இன்னொன்றுக்குத்தான் போகிறோம் என்று பதில் சொன்னார்கள். பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அதுவும் விதிதானே என்றும் உதாரணம் காட்டினார்கள். இதுவரை நாம் பயான்களில் அடிக்கடி கேட்டதுதான்.

அதற்குப் பின்னால் வருவதைத்தான் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை அறிவித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் தப்பியோட அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்பது அதன் கருத்து. முதல் பாதி என் உயிரைக் காக்கிறது. இரண்டாம் பாதி யாருடைய உயிரைக் காக்கிறது? எனக்கு நோய் இல்லை, உடம்பு நன்றாயிருக்கிறது, ஓடினால் பிழைக்கலாம். ஆனாலும் ஓடாதே என்கிறது ஷரீஅத். நான் பார்த்தறியாத அடுத்த ஊர்க்காரனுக்காக என் கால்களில் அது விலங்கிடுகிறது. கட்டாயம், கட்டாயம் என்று இன்று நாம் முகம் சுளிக்கிறோமே, அந்தக் கட்டாயம் நம் மார்க்கத்தில் 1400 வருடமாக இருக்கிறது.

நோய் வந்த பிறகு மருந்து சரி, வருமுன்னே எதற்கு என்பார்கள் சிலர். காலையில் ஏழு அஜ்வாப் பேரீச்சம்பழம் சாப்பிட்டவரை அன்று விஷமும் சூனியமும் தீண்டாது என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. விஷம் ஏறிய பின்னாலா, ஏறுமுன்னாலா?

இன்னொரு வாதம் கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வரும். வைத்தியம் செய்துகொள்வது பர்ளு அல்ல, மருந்தை மறுத்து மவுத்தானவர் பாவியல்லர் என்று ஹனபி கிதாபுகளில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் ஓதியிருக்கிறேன். அது தன் உடம்பைப் பற்றித் தானே முடிவு செய்கிற, புத்தியும் பருவமும் அடைந்த மனிதரைப் பற்றிய பேச்சு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் உடம்பு என் சொத்தன்று, என் கையிலுள்ள அமானிதம். வலீ என்பவன் பிள்ளைக்கு நன்மையானதைச் செய்யத்தான் அதிகாரம் பெற்றிருக்கிறான். பிள்ளையின் உயிரை வைத்துத் தன் தவக்குலைக் காட்ட அல்ல. அன்றியும், ஒட்டிப் பரவும் நோயில் விஷயம் பிள்ளையோடு நிற்பதில்லை. தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை, தடுப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்கக்கூடும். அந்தப் பிள்ளை எழுந்து போன அறையில்கூட இரண்டு மணி நேரம் வரை அது காற்றில் நிற்கும். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. ஒன்பது மாதம் ஆகாத சிசுவுக்கும் வழக்கமாகப் போடுவதில்லை. இவர்களெல்லாம் நம் வீட்டு வாசலை நம்பி வாழ்கிறவர்கள். பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்ற நபிமொழியை வைத்துத்தான் ஃபுகஹாக்கள், பொதுத் தீங்கைத் தடுக்கத் தனி மனிதர் சிறு தீங்கைத் தாங்கிக்கொள்ளவேண்டும் என்ற விதியைக் கட்டினார்கள். பிள்ளைக்கு ஒருநாள் காய்ச்சலும் புஜத்தில் வீக்கமும் அந்தச் சிறு தீங்கு.

ஊசியில் பன்றியின் பொருள் கலந்திருக்கிறது என்ற பேச்சையும் மறைக்கவேண்டியதில்லை. சில தடுப்பூசிகளைக் கெடாமல் வைக்க ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. 1995-இல் குவைத்தில் கூடிய மார்க்க-மருத்துவ அறிஞர் மாநாடு, ஒரு பொருள் தன் தன்மையே மாறி வேறு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற அடிப்படையில் இதை அனுமதித்தது. நம் ஹனபி மத்ஹபில் இது புதிதல்ல. உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகிவிட்டால் அந்த உப்பு சுத்தம் என்று கிதாபுகளில் சிரித்துக்கொண்டே ஓதியிருக்கிறோம். கடற்கரை ஊர்களிலுள்ள ஷாபிஈ சகோதரர்களுக்கு இந்த வாசல் இவ்வளவு அகலமில்லை. ஆனால் அவர்களுக்கு வேறு வாசல் உண்டு. சுத்தமான மாற்று கிடைக்காதபோது, நம்பகமான வைத்தியர் சொல்லின்பேரில் அசுத்தம் கலந்த மருந்துக்கு அங்கே இடமிருக்கிறது. ஷாபிஈ மக்களே நிறைந்த இந்தோனேசியாவில் 2018-ஆம் வருடம் உலமா சபையார் இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசியை, அதுவும் நம் இந்தியாவில் தயாரானதை, ஆராய்ந்து பத்வா கொடுத்தார்கள். தயாரிப்பில் பன்றியின் பொருள் பயன்படுவதால் அடிப்படையில் ஹராம் என்றார்கள். ஹலாலான மாற்று இல்லாததாலும், போடாவிட்டால் வரும் ஆபத்தை நிபுணர்கள் எடுத்துரைத்ததாலும், நிர்ப்பந்தம் காரணமாக இப்போது ஆகும் என்றார்கள். பத்வாவின் முன்பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு அங்கே பிள்ளைகளை மறைத்தவர்களும் இருந்தார்கள். நம் ஊர் அப்படியல்ல என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, பயம்? பயப்படுகிறவர்களைப் பரிகாசம் செய்கிற எழுத்துகளைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பயத்துக்கு வேர் இருக்கிறது. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-ஆம் வருடம் நவம்பரில், ஹரியானாவில் முஸ்லிம்கள் நிறைந்த உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் வளைத்து, ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை அறுவை செய்தது. 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாதில், உஸாமா பின் லாதினைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசி முகாம் என்ற பெயரில் ஆள் அனுப்பிற்று. அந்த ஒரு வஞ்சகத்துக்குப் பின்னால் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்போன எத்தனையோ ஏழைப் பெண்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நம் தமிழ்நாட்டிலேயே 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வீட்டிலேயே அக்காள் தன் பிள்ளையை ஊசிக்குக் கொண்டுபோகவில்லை. அவளை யார் குற்றம் சொல்வது? தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கில், 2005-06-இல் நம் மாநிலத்தில் 100 குழந்தைகளில் 81 பேருக்கு எல்லா ஊசிகளும் போட்டிருந்தார்கள். 2015-16-இல் அது 70 ஆகக் குறைந்தது. பிறகு 2019-21-இல் 89 ஆக ஏறிற்று.

ஆனால் பயத்தையும் விசாரித்துத்தான் பார்க்கவேண்டும். செய்தி கொண்டுவருகிறவனை விசாரிக்காமல் நம்பாதீர்கள் என்று திருமறை கட்டளையிடுகிறது. சந்ததி அறும் என்று போலியோ சொட்டு மருந்தைப் பற்றியும் சொன்னார்கள். நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம் 1995-இல் தொடங்கியபோது என் கடைசித் தம்பி கைக்குழந்தை. அம்மா முந்தானையில் இடுக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள்; அதற்குப் பிறகும் முகாம் நடந்த ஒவ்வொரு முறையும் கொடுத்தார்கள். இன்று அவனுக்கு மூன்று பிள்ளைகள். அந்த முகாம்களில் வாய் திறந்த பிள்ளைகள்தான் இன்று நம் மஹல்லாக்களில் அகீகா விருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் கடைசியாக அந்த முடக்குநோய் கண்ட பிள்ளை 2011 ஜனவரியில், வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில். அதற்குமுன் உத்தரப் பிரதேசத்திலும் பீஹாரிலும் கால் இழந்தவர்களில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் மிக அதிகம். அங்கே உலமாக்கள் மிம்பரில் நின்று பேசிய பிறகுதான் பல வீட்டுக் கதவுகள் திறந்தன. கதவு திறக்காத இடங்களில் என்ன ஆயிற்று? 2015, 2016-ஆம் வருடங்களில் பக்கத்து மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் மவுத்தானார்கள். 2022 கடைசியில் பம்பாய் கோவண்டியின் நெருக்கமான தெருக்களில் தட்டம்மை நுழைந்து எடுத்ததும் பெரும்பாலும் ஊசி போடாத பிள்ளைகளைத்தான்.

இது யாரோ நமக்கு விரித்த வலை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டம்மையையும் பெரியம்மையையும் பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதிய ஹக்கீம் அபூபக்கர் அர்ராஸி நம்மவர். பெரியம்மைப் பால் எடுத்துக் குத்தும் பழைய வழக்கத்தை, 1717-இல் துருக்கிக்கு வந்த ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு கண்டு, தம் தேசத்துக்கு எடுத்துப்போனார். ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் குத்திப் பார்த்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து, 1796-இல். என் நன்னி சிறுமியாயிருந்தபோது ஊருக்கு அம்மை குத்துகிறவர் வந்தால் பிள்ளைகளை நெல் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிடுவார்களாம். அவர்களுடைய அண்ணனையும் அப்படித்தான் ஒளித்தார்கள். அம்மை குத்துகிறவர் கண்டுபிடிக்கவில்லை. அம்மை கண்டுபிடித்தது. நன்னியின் முகத்திலிருந்த தழும்பைத் தொட்டு விளையாடிய விரல் இது.

கட்டாயச் சட்டம் சரியா என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கான ஊசியை மறுத்தால் ஜெயில் என்று இன்று நம் நாட்டில் சட்டமில்லை. கொரோனா காலத்தில், 2021 நவம்பரில், ஊசி போட்டவர்களுக்கே பொது இடங்களில் அனுமதி என்று நம் மாநிலத்தில் உத்தரவு வந்தது. 2022 மே 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், யாருடைய உடம்பிலும் பலவந்தமாக ஊசி ஏற்றக்கூடாது. ஆனால் பிறர் நலன் கருதி நியாயமான வரம்புகளை அரசாங்கம் விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. என் சொந்த அபிப்பிராயம், போலீஸைக் கூட்டிவந்து போடும் ஊசி, அடுத்த தலைமுறை வரை பயத்தைத்தான் வளர்க்கும்; உட்டாவரை நாம் இன்னும் மறக்கவில்லையே. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு நர்ஸம்மா பத்துப் போலீஸுக்குச் சமம். ஆனால் நம் பக்கம் ஒரு முரண்பாடு இருக்கிறது. மூளைக்காய்ச்சல் ஊசி போட்ட அத்தாட்சி இல்லாமல் ஹஜ்ஜுக்குப் போக முடியாது என்பது சவூதி அரசின் கட்டாயச் சட்டம். ஒவ்வொரு வருடமும் ஹாஜிகளோடு முகாமுக்கு நானும் போகிறேன். அதில் என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. சட்டையை மடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சக ஹாஜியின் உயிருக்கு நாம் கொடுக்கும் இந்த ஹக்கை, அண்டை வீட்டுக் கர்ப்பிணிக்கு ஏன் கொடுக்கவில்லை?

இதை எழுதுமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது. அந்தப் பையனுக்கு இப்போது ஏழு வயது. கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி, கெட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மக்தபுக்கு வருகிறான். முதல் வரிசையில் என் உதட்டையே பார்த்தபடி உட்கார்ந்து அலிஃப், பே சொல்ல முயல்கிறான். அவன் கைக்குழந்தையாயிருந்தபோது அவன் அம்மா திரைக்கு அப்பால் நின்று, தான் என்ன பாவம் செய்ததால் இப்படி என்று என்னிடம் மஸ்அலா கேட்டார்கள். பாவமில்லை, ஸப்ரு செய்யுங்கள் என்றேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியைச் சொல்ல எனக்கு நா வரவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் அத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து, 2017-இல் நான் சொன்ன வார்த்தையையும், அதை யாரிடமும் கேட்காமல் சொன்னதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பத்திரிகையில் எழுத அனுமதியும் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. உள்ளே வளையல் சத்தம் கேட்டு, பிறகு அதுவும் நின்றது. மக்ரிபுக்கு நேரமாகிவிட்டதே என்று நான் எழுந்தபோது அவர் தலை நிமிர்ந்தார்.

“எழுதுங்க ஹஜ்ரத். சின்னவளுக்கு வர்ற புதன்கிழமையோட ஒன்பது மாசம் முடியுது. ஆஸ்பத்திரியில எத்தனை மணிக்கு ஊசி போடுவாங்க?” என்று கேட்டார்.